குன்னூரிலிருந்து பாளையங்கோட்டை விடுதிக்குப் போகிறேன்: பெட்டியில் என்ன துணி வைப்பது?

குன்னூர்ப் பெண் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பதினேழு வயது. பிறந்து வளர்ந்ததெல்லாம் குன்னூர். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.எஸ்சி. இடம் கிடைத்திருக்கிறது. ஜூன் கடைசியில் விடுதியில் சேர வேண்டும்.

எங்கள் வீட்டில் மின்விசிறியே கிடையாது. அதை வைத்தே என் அலமாரி எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். ஸ்வெட்டர் ஏழு, ஜீன்ஸ் நான்கு, உள்ளே பஞ்சு வைத்த மேல்சட்டை இரண்டு, மீதியெல்லாம் கழுத்துவரை மூடும் முழுக்கை பனியன். பள்ளிச் சீருடையைத் தவிர மெல்லிய துணி என்று எதுவும் என்னிடம் இல்லை. போன வாரம் கோயம்புத்தூருக்குப் போய் ஆறு சுடிதார் வாங்கினோம். மூன்று ஜார்ஜெட், இரண்டு ரேயான், ஒன்று காட்டன் என்று சொல்லிக் கொடுத்த நீல நிறம். தொட்டுப் பார்த்தால் எல்லாம் மெல்லியதாகத்தான் தெரிகிறது.

அம்மா பதினெட்டு செட் வேண்டும் என்கிறார். அப்பா ஐந்து போதும் என்கிறார். அவருக்குப் பெட்டியைத் தூக்கும் கவலை. குன்னூரிலிருந்து பஸ், கோயம்புத்தூரிலிருந்து இரவு ரயில், பிறகு அங்கே ஆட்டோ. விடுதியில் துப்பட்டா கட்டாயம், கையில்லாத உடைக்கு அனுமதி இல்லை, துணியை அவரவர்தான் துவைத்துக்கொள்ள வேண்டும் என்று விண்ணப்பத்தில் போட்டிருந்தது. அறையில் மின்விசிறி மட்டும்தான்.

எத்தனை செட் கொண்டு போகலாம்? ஜார்ஜெட் தாங்குமா? ஸ்வெட்டரில் ஒன்றையாவது எடுத்து வைக்கலாமா, அல்லது பார்த்துச் சிரிப்பார்களா? அந்த ஊரில் இருந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கோத்தகிரிக்காரி எழுதியது:

தங்கைக்கு,

நானும் மலையிலிருந்து இறங்கியவள்தான். 2013இல் பாளையங்கோட்டைக்குப் படிக்க வந்தேன். படிப்பு முடிந்து இந்தப் பக்கமே வாழ்க்கைப்பட்டு, இப்போது மகாராஜ நகரில் இருக்கிறேன். உன் அலமாரிக் கணக்கைப் படித்ததும் என் பழைய இரும்புப் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது.

அப்பா பக்கம்தான் நியாயம். ஐந்து செட் கொண்டு வா. ஆறாவதை இங்கே வந்து ஒரு மாதம் வெயில் பட்ட பிறகு வாங்கிக்கொள். குளிரில் நின்றுகொண்டு வெயிலுக்குத் துணி எடுத்தால், கண்ணுக்கு எது மெல்லியதாகத் தெரிகிறதோ அதையெல்லாம் கை எடுத்துவிடும். என் கையும் அப்படித்தான் எடுத்தது. மெல்லியது வேறு, வியர்வையை வாங்குவது வேறு என்பது எனக்கு ஆனித் தேரோட்டத்தன்றுதான் தெரிந்தது.

முதல் வருடம், நெல்லையப்பர் கோயில் தேர். விடுதிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் அனுமதி வாங்கிக்கொண்டு திருநெல்வேலி டவுனுக்குப் போனோம். இருப்பதிலேயே நல்லது என்று கருநீல ஜார்ஜெட் சுடிதாரைப் போட்டுக்கொண்டேன். வாகையடி முனையில் கூட்டத்துக்குள் நின்றபோது துணி முதுகோடு ஒட்டியது. காற்று அடித்தும் விடவில்லை. சாயங்காலம் விடுதிக்கு வந்து கழற்றி விரித்தால், முதுகுப் பக்கம் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள். அலை வந்து போன மணலில் கோடு விழுமே, அப்படி ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று. பஸ்ஸில் வியர்த்தது ஒன்று, தேர் பார்க்கும்போது வியர்த்தது ஒன்று, திரும்பி வரும்போது வியர்த்தது ஒன்று என்று என் அறைத்தோழி விரல் வைத்துக் காட்டினாள். அவள் ஏரல் பக்கத்துப் பெண். அன்று அவள் போட்டிருந்தது சாயம் மங்கிய ஒரு பருத்திச் சுடிதார். அவளுக்கும் வியர்த்தது. ஆனால் பஸ் ஏறுவதற்குள் காய்ந்துவிட்டது.

ஆகவே ஜார்ஜெட் மூன்றையும் வீட்டில் விட்டுவிடு. மனம் கேட்காவிட்டால் ஒன்றை மட்டும், மாலையில் நடக்கும் விழாக்களுக்கு என்று எடுத்து வா. நிறம் எடுக்கும்போதும் கவனம் வேண்டும். கருநீலமும் கறுப்பும் உப்பைக் காட்டும். வெளிர்சாம்பல் ஈரத்தைக் காட்டும். கரும்பலகைக்குப் போய்க் கணக்குப் போட்டுவிட்டுத் திரும்பி நடக்கும்போது வகுப்பே உன் முதுகைப் படித்துவிடும். பொடிப்பூப் போட்டது இரண்டையும் மறைக்கும். என் தோழிகள் பலர் மூன்று வருடமும் பொடிப்பூவிலேயே ஓட்டினார்கள், அழகுக்காக அல்ல.

வெள்ளை வேண்டாம் என்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. எங்கள் விடுதியில் துவைப்பதற்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நுரைக்குப் பதிலாக ஒரு வெண்ணிறப் பிசுக்குதான் மிதக்கும். அது துணியில் படிந்து படிந்து, இரண்டே மாதத்தில் வெள்ளைச் சட்டை பழைய பல் நிறத்துக்கு வந்துவிடும், துண்டு முரடு தட்டிவிடும். தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வரும் நாள் என்றால் நல்ல துணிகளையெல்லாம் அன்றைக்குத் துவைத்துக்கொள்வோம். உன் விடுதியில் எந்தத் தண்ணீர் என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள். யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள்.

துவைப்பது ஒரு பாடு என்றால் காயவைப்பது இன்னொன்று. ஆனி, ஆடியில் இங்கே காற்று சுழற்றி அடிக்கும். ஆடிக் காற்றில் அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. என் துப்பட்டா மொட்டைமாடிக் கொடியிலிருந்து பறந்து அடுத்த கட்டடத்து வேப்பமரத்தில் தொங்கியதைப் பார்த்திருக்கிறேன். கிளிப் ஒரு டஜன் வாங்கி வா. துப்பட்டாவுக்கு ஊக்கும் நிறைய வை. இரண்டு தோளிலும் குத்தாவிட்டால் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அது உன் முகத்தில்தான் இருக்கும். அந்த நாட்களில் பருத்தி அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். அதனால்தான் ஐந்து செட் போதும் என்கிறேன். நிறத்துணியை மட்டும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போடு, இந்த வெயில் சாயத்தைத் தின்றுவிடும்.

புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்பார்கள். அது முடிந்து ஐப்பசி, கார்த்திகை வந்தால் கதை மாறும். வடகிழக்கு மழை பிடித்துவிட்டால் கொடியெல்லாம் அறைக்குள் வந்துவிடும். நான்கு பேர் துணி, ஒரே மின்விசிறி. அப்போதுதான் ஜீன்ஸ் உன் வில்லனாகும். மூன்றாம் நாளும் இடுப்புப் பட்டியில் ஈரம் இருக்கும், நாற்றமும் வரும். நான்கில் ஒன்றை மட்டும், அதிலும் மெல்லியதை எடுத்து வா. தடித்த பூத்துண்டையும் அப்படியே விட்டுவிடு. ஈரிழைத் துண்டு இரண்டு போதும். உதறிப் போட்டால் காய்ந்துவிடும். உள்ளாடை மட்டும் எட்டுக்குக் குறையாமல் இருக்கட்டும், எல்லாம் பருத்தியில். இதில் சிக்கனம் பார்த்தால் வேர்க்குரு வரும், இடுக்குகளில் புண் வரும். வார்டனிடம் சொல்லவும் கூச்சமாக இருக்கும், சொல்லாமல் நடக்கவும் முடியாது.

கால்களை யாரும் நினைப்பதே இல்லை. ஷூவும் காலுறையும் நமக்குப் பழக்கம். இங்கே திறந்த செருப்பு. கல்லூரியில் ஆய்வகம் இருந்தால் அதற்கு மட்டும் மூடிய காலணி கேட்பார்கள்.

ஸ்வெட்டரைப் பற்றிக் கேட்டாய். ஒன்று கட்டாயம் கொண்டு வா. பாளையங்கோட்டையில் போடுவதற்கு அல்ல, வீட்டுக்குப் போவதற்கு. முதல் தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பியபோது என்னிடம் இருந்தது எல்லாமே வெயில் துணி. மேட்டுப்பாளையம்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து ராணி மாதிரி வந்தேன். மலைப்பாதையில் பாதி ஏறுவதற்குள் பல் கிட்டிவிட்டது. பக்கத்தில் இருந்த பாட்டி தன் சால்வையில் பாதியைப் பிரித்து என்மேல் போட்டுவிட்டு, "எந்த ஊர் பிள்ளை நீ, ஸ்வெட்டர் இல்லாமல் மலைக்கு வருகிறாய்?" என்று கேட்டார். கோத்தகிரி என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

ரத வீதி ஜவுளிக்காரர் எழுதியது:

மகளே, நான் டவுனில் ஜவுளிக்கடையில் 34 வருடம் துணி கிழித்துக் கொடுத்தவன். இப்போது வீட்டில் இருக்கிறேன். மேலே அந்தப் பிள்ளை சொன்னதெல்லாம் சரி. எனக்குத் தெரிந்ததைச் சேர்க்கிறேன்.

காட்டன் என்று சொல்லிக் கொடுத்த அந்த நீலச் சுடிதாரை எடு. உள்தையலில் பிசிறு இருக்கும். ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்து. தாள் எரிவது போல எரிந்து, விரலில் தேய்த்தால் தூளாகும் சாம்பல் வந்தால் நல்லது. உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகினால் அது பாலியஸ்டர். ரேயானும் தாள் போலத்தான் எரியும், அதனால் இந்தச் சோதனையில் தப்பித்துவிடும். அதற்கு வேறு வழி. நூலை நாக்கில் நனைத்து இழுத்துப் பார். பருத்தி நனைந்தால் வலுக்கும், ரேயான் நனைந்த இடத்தில் பட்டென்று அறும். ரேயான் கெட்ட துணி இல்லை, உடம்புக்குக் குளிர்ச்சிதான். ஆனால் வாளியில் ஊறவைத்து, அடித்துத் துவைத்து, முறுக்கிப் பிழிகிற விடுதித் துவைப்புக்கு அது தாங்காது. உன்னிடம் உள்ள இரண்டையும் கசக்காமல் அலசி நிழலில் போடு.

வெளித்துணியோடு நிறுத்திக்கொள்ளாமல் லைனிங் நூலையும் கொளுத்திப் பார். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. மேலே அசல் பருத்தி இருக்கும். உள்ளே, தோலைத் தொடுகிற இடத்தில், வழவழவென்று கிரேப் லைனிங் வைத்துத் தைத்திருப்பார்கள். பிறகு மேலே எது இருந்து என்ன? மிகவும் மெல்லிய மல் துணி எடுத்தால் ஊடுதெரியும், லைனிங் கேட்கும், இரண்டு அடுக்காகிவிடும். அதற்குக் கொஞ்சம் நெருக்கமாக நெய்த ஒற்றைத் துணியே மேல். நூலுக்கு நம்பர் உண்டு. நம்பர் ஏற ஏற இழை மெலியும். கடையில் "அறுபதா எண்பதா?" என்று கேட்டுப் பார். உனக்குப் பதில் முக்கியமில்லை. கேட்கத் தெரிந்த ஆள் என்றால் விரிக்கிற துணியே மாறும், அது எங்கள் தொழில் ரகசியம்.

இங்கே வந்து துணி எடுத்துத் தைப்பதாக இருந்தால், தையற்காரரிடம் கொடுப்பதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவை. பருத்தி மீட்டருக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் சுருங்குவது சாதாரணம். உள்தையலும் தாராளமாக விடச் சொல். விடுதிச் சாப்பாட்டில் மெலிகிறவர்களும் உண்டு, பரோட்டாவில் ஊறுகிறவர்களும் உண்டு. கைத்தறி வேண்டும் என்றால் தீபாவளிச் சமயம் கோ-ஆப்டெக்ஸில் 30 சதவீதம் தள்ளுபடி தருவார்கள், அதுவரை பொறுத்துக்கொள்.

சேலை கட்டுகிற நாள் ஒன்று வரும், அன்றைக்கு வீரவநல்லூர் செடிபுட்டாவை யாரிடமாவது கேட்டு வாங்கிக் கட்டிப் பார். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விடுதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நம் பக்கத்து நெசவு என்பதால் சொல்லிவைக்கிறேன்.

சேரன்மகாதேவி வாத்தியார் எழுதியது:

இயற்பியல் ஆசிரியர் என்பதால் எண்ணிக்கை சொல்லாமல் இருக்க முடியவில்லை. குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம். பாளையங்கோட்டை ஐம்பது மீட்டரைச் சுற்றித்தான். ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி ஏறும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அந்தக் கணக்கிலேயே பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் வந்துவிடுகிறது. அதன்மேல் நம் ஊருக்கு இன்னொரு கூலி உண்டு. தென்மேற்குக் காற்று மழையில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமும் மலையடிவாரத்திலும் கொட்டிவிட்டு, மலை இறங்கும்போது சூடேறி, உலர்ந்து நம்மிடம் வருகிறது. அறுபது கிலோமீட்டருக்குள் குற்றாலத்தில் சாரல் அடிக்கும் அதே ஜூலையில் பாளையங்கோட்டையில் புழுதி பறப்பது இதனால்தான்.

உலர்ந்த காற்று என்பதை உன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். நூறு கிராம் பருத்தி, காற்றில் உள்ள ஈரத்திலேயே எட்டு கிராம்வரை தனக்குள் வாங்கி வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை கிராம்கூட வாங்காது. கடையில் விற்கும் ஜார்ஜெட் பெரும்பாலும் பாலியஸ்டர்தான். கோத்தகிரி அம்மையார் முதுகில் வரைபடம் விழுந்ததன் காரணம் அதுதான்.

நிறத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள். நிறம் வெயிலில் நிற்கும்போதுதான் கணக்கு. வகுப்பறை நிழலில் கறுப்பும் வெள்ளையும் ஒன்றுதான். அங்கே தளர்ச்சிதான் முக்கியம். துணிக்கும் தோலுக்கும் நடுவில் காற்று நடமாட வேண்டும். இறுகப் பிடிக்கும் லெக்கின்ஸைவிட தளர்ந்த பேன்ட் நல்லது.

குளிர் ஊரிலிருந்து வருகிறவர்கள் கை குட்டையாக இருந்தால் குளுமை என்று நினைக்கிறார்கள். எங்கள் ஊர் வயல்களில் நடவு நடும் பெண்களைப் பார். சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டியிருப்பார்கள். நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவர்களின் தீர்ப்பு அது. தளர்ந்த, மெல்லிய முழுக்கை அல்லது முக்கால்கை இரண்டு செட்டாவது வைத்துக்கொள்.

இரவுக்கு மெத்தை விரிப்பைவிட எங்கள் பக்கத்துப் பத்தமடைக் கோரைப்பாய் ஒன்று வாங்கிக்கொள். பட்டுப்பாய் அல்ல, சாதாரணப் பாய். மே மாத இரவில் அதை விரித்துத் தரையில் படுத்தவர்கள் கட்டிலுக்குத் திரும்புவதில்லை.

ஆற்றோரத்தான் எழுதியது:

நான் பையன். துணியைப் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது, மூன்று சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுப் பட்டம் வாங்கியவன். பெட்டியைக் கட்டிலுக்கடியில் வைக்காதே என்று சொல்லத்தான் வந்தேன். 2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது நான் திருநெல்வேலி சந்திப்புப் பகுதியில் தரைத்தளத்து அறையில் இருந்தேன். நள்ளிரவில் எழுந்து காலைக் கீழே வைத்தால் முழங்கால்வரை தண்ணீர். பெட்டி கதவருகே மிதந்துகொண்டிருந்தது. துணியை அலசிக்கொள்ளலாம். பெட்டியின் அடியில் வைத்திருந்த மதிப்பெண் சான்றிதழை என்ன செய்ய? ஒவ்வொரு தாளாகப் பிரித்து, அயர்ன்பாக்ஸ் வைத்துக் காயவைத்தேன். கார்த்திகை, மார்கழியில் ஒரு முழு செட்டையும் சான்றிதழ்களையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வைத்துவிடு. மாடி அறை கிடைத்தால் கவலையில்லை, ஆனால் அங்கே வெக்கை அதிகம். எதையாவது ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

குன்னூர்ப் பெண் எழுதியது:

அக்கா, அண்ணாச்சி, சார், அண்ணன், எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு இதையெல்லாம் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பாட்டி கேட்ட கேள்வி வந்தபோது அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு பதினெட்டை எட்டாகக் குறைத்தார். அப்பா ஏழு என்கிறார். பேச்சுவார்த்தை நடக்கிறது.

அண்ணாச்சி சொன்ன சோதனையைச் சமையலறையில் செய்து பார்த்தோம். நீலச் சுடிதாரின் வெளிநூல் தாள் போல எரிந்து சாம்பலாகிவிட்டது. நனைத்து இழுத்தோம், அறவில்லை. அம்மா, "பார், நான் ஏமாறவில்லை" என்றார். அடுத்து லைனிங் நூலைக் கொளுத்தினேன். சுருண்டு சுருண்டு மிளகு அளவில் ஒரு கறுப்பு மணி. சூடு ஆறியதும் அம்மா அதை நகத்தால் நசுக்கிப் பார்த்தார். நசுங்கவில்லை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஜார்ஜெட் மூன்றும் அத்தை மகளுக்குப் போகின்றன, அவள் ஊட்டியில்தான் படிக்கப் போகிறாள். ஸ்வெட்டர் ஒன்று பெட்டியின் அடியில் போய்விட்டது. நீலச் சுடிதாரைக் கடைவீதித் தையற்காரரிடம் கொடுத்திருக்கிறோம். கிரேப்பைப் பிரித்துவிட்டு மெல்லிய பருத்தி லைனிங் வைக்கச் சொன்னோம். செவ்வாய்க்கிழமை கட்டாயம் தந்துவிடுகிறேன் என்றார். புதன்கிழமை இரவு எங்களுக்கு ரயில்.

கோத்தகிரிக்காரி எழுதியது:

தங்கையே, தையற்காரர் செவ்வாய் என்றால் வியாழன். திங்கட்கிழமை காலையிலேயே அம்மாவை அனுப்பிக் கடை வாசலில் உட்காரச் சொல்.